மாத்தளை மலைகளின் ஊர்வனவும் ஈரூடகவாழிகளும்: அறிவுச் சேகரிப்பின் வரலாறும் பாதுகாப்பின் பிரச்சினையும்

இலங்கையின் மத்திய மாகாணத்தில் வடபால் அமைந்துள்ள மாத்தளை மாவட்டம், வரலாற்று மாணவர்க்கு இரு காரணங்களால் நன்கு அறிமுகமானது. 1848ஆம் ஆண்டின் விவசாயிகள் எழுச்சிக்கு அது களமாக இருந்தமை ஒன்று. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர் மலையகத்தினுள் நுழைந்த வாயிலாக அது அமைந்தமை மற்றொன்று. இவ்விரண்டினோடும் நெருங்கிய தொடர்புடையதாயினும் வரலாற்றாசிரியர் கருத்தில் பெரிதும் படாத மூன்றாவது செய்தி ஒன்றுண்டு. மாத்தளையின் கிழக்கெல்லையாக எழும் நக்கிள்ஸ் மலைத்தொடர், உலகில் வேறெங்கும் காணப்படாத பல ஊர்வனவற்றுக்கும் ஈரூடகவாழிகளுக்கும் உறைவிடமாகும். இவ்வுயிர்களைப் பற்றிய அறிவு யாரால், எச்சூழ்நிலையில், யாருக்காகத் திரட்டப்பட்டது என்பதையும், இன்று அவற்றைப் பேணும் பொறுப்பு யாரிடம் இருத்தல் வேண்டும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓணான், தவளை முதலியவற்றின் வரலாறு விலங்கியலாருக்கு மட்டுமே உரியது எனக் கருதுவோர் உளர். ஆனால் ஓர் உயிருக்குப் பெயரிடுதல் என்பது சமூக உறவுகளுக்கு வெளியே நிகழும் செயலன்று. காணி யாருக்குச் சொந்தமாயிற்று, காட்டை யார் வெட்டினர், நூலை எம்மொழியில் யார் எழுதினர் என்னும் வினாக்களோடு அது பிணைந்தே நிற்கின்றது. மாத்தளை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

காணியும் பெயரும்

நக்கிள்ஸ் மலைத்தொடரைச் சிங்கள மக்கள் தும்பர மலைகள் என வழங்குவர். மூடிய கைமுட்டியின் கணுக்களைப் போல் அதன் சிகரங்கள் தோன்றியமையால் ஆங்கிலேயர் இட்ட பெயரே இன்று பெருவழக்கிலுள்ளது. கொம்பனியா சிகரம் 1,906 மீற்றர் உயரமானது. இரு பருவக்காற்றுகளின் மழையையும் பெறும் இம்மலைகள், ஈரவலயக் காடு, மேட்டுநிலக் குறுங்காடு, பத்தனைப் புல்வெளி, உலர்வலயக் காடு ஆகியவற்றைச் சிறியதோர் பரப்பினுள் அடக்கியுள்ளன. மத்திய மலைநாட்டின் பெருந்தொகுதியிலிருந்து மகாவலி ஆற்றின் பள்ளத்தாக்கு இதனைப் பிரித்து நிற்கின்றது. பிரிந்துநிற்கும் மலையில் உயிர்களும் பிரிந்தே வளர்ந்தன. இங்குள்ள இனங்கள் பல, நுவரெலியா, சிவனொளிபாதமலைப் பகுதிகளிலுள்ள தம் உறவினங்களினின்றும் வேறுபட்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

இத்தகைய இனங்களுள் முதன்மையானது இலைபோன்ற தட்டையான கொம்பொன்றை மூக்கின் நுனியிலே தாங்கிய ஓணானாகும். சிங்களத்தில் இது பெத்தி அங் கட்டுஸ்ஸா எனப்படும். தமிழில் இதனை இதழ்க்கொம்போணான் எனலாம். மெதுவாக நகரும் இயல்பினது. பாசி படர்ந்த மரத்தண்டிலே அசையாதிருப்பின் கண்ணுக்குப் புலப்படாது. விஞ்ஞான உலகில் இதன் பெயர் செரற்றோபோறா டெனென்ரி என்பதாகும். 1861இல் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த அல்பேட் குந்தர், ஜோன் எட்வேட் கிறே ஆகியோர் இவ்வினத்தை விவரித்தனர். அவ்விவரணம், சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி அதே ஆண்டில் வெளியிட்ட நூலிலே இடம்பெற்றது. ஓணான் நூலாசிரியரின் பெயரைப் பெற்றது.

டெனன்ற் யார்? 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராகப் பணியாற்றியவர். தேசாதிபதி டொரிங்ரனுக்கு அடுத்த நிலையில் ஆட்சி இயந்திரத்தைச் செலுத்தியவர். அவர் பதவிக்கு வருமுன்னரே, 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரித்து நிரூபிக்கப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரிய காணிகளாக்கியிருந்தது. கண்டிக் கிராமத்தவரின் சேனை நிலமும் மேய்ச்சல் நிலமும் கோப்பித் தோட்டங்களாக மாறின. 1848இல் கடை, துப்பாக்கி, நாய் முதலியவற்றின்மீது வரிகள் விதிக்கப்பட்டன. வீதி அமைப்புக்குக் கட்டாய உழைப்பும் கோரப்பட்டது. அவ்வாண்டு யூலை இறுதியில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் அரசனாக முடிசூட்டப்பட்டார். மக்கள் திரண்டு மாத்தளையை அடைந்தனர். இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. ஓகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அடக்குமுறையின் கடுமை பிரித்தானியப் பாராளுமன்றத்திலே விசாரணைக்குள்ளாக, 1850இல் டொரிங்ரனும் டெனன்றும் இலங்கையை விட்டகன்றனர்.

எழுச்சி அடக்கப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றபின், அதே மலைகளின் உயிரொன்று அவ்வாட்சியாளரின் பெயரைத் தாங்கியது. இதனைத் திட்டமிட்ட செயல் எனக் கொள்ளுதல் பொருந்தாது. புரவலரின் பெயரையோ நூலாசிரியரின் பெயரையோ புதிய இனத்துக்கு இடுதல் அக்கால விலங்கியலாரின் பொதுவழக்கு. டெனன்ற் இயற்கை வரலாற்றில் மெய்யான ஈடுபாடுடையவர் என்பதையும் மறுத்தற்கில்லை. எனினும், காணியைப் பதிவுசெய்த அதே ஆட்சி அமைப்பே உயிர்களையும் பதிவுசெய்தது என்னும் உண்மை இங்கே தெளிவாகின்றது. மாதிரிகள் சாராயத்தில் இடப்பட்டு இலண்டனுக்குச் சென்றன; விவரணம் ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் வெளியாயிற்று; மலையடிவாரத்தில் வாழ்ந்தவனுக்கு அவ்வறிவில் பங்கில்லை. விலங்குப் பெயரீட்டு விதிகளின்படி முதலில் இட்ட பெயரே நிலைக்கும் ஆதலால், அப்பெயர் இன்றும் நிற்கின்றது.

பதிவு பெறாத அறிவு

டெனன்ற் காலத்துக் காடு ஆய்வாளருக்காகத் திறக்கப்பட்டதன்று, கோப்பிக்காகத் திறக்கப்பட்டது. 1870களில் இலங்கையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஏக்கரில் கோப்பி பயிராயிற்று. அக்காட்டை வெட்டியும் எரித்தும் குழிதோண்டியும் செடிநட்டும் உழைத்தோர், இராமநாதபுரம், திருச்சி, திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின்கீழ் வந்த தமிழராவர். வடபாதை வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடையுமுன் பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டோர் பலர். எஞ்சியோரே இம்மலைகளின் நிலத்தைக் கையாலும் காலாலும் அறிந்த முதல் தமிழ்த் தலைமுறையினர்.

விழுந்த மரத்தின் அடியிலிருந்து எது வெளிப்பட்டது என்பதை முதலிற் கண்டவர் துரையல்லர், கோடரி பிடித்தவரே. ஆயினும் அவர்தம் கண்டறிவு எந்த நூலிலும் ஏறவில்லை. அவ்வறிவு முற்றாக அழிந்துபோயிற்று என்றும் கூறல் முடியாது; அதன் சுவடு மொழியிலே தங்கியுள்ளது. ஹிப்னேல் என்னும் பேரினத்தைச் சேர்ந்த சிறு நச்சுப்பாம்பு, சருகினுள் சுருண்டுகிடந்து, மூக்கு மேல்நோக்கி நிற்கும் தலையை உடையது. தமிழிலே இதற்குக் கோப்பி விரியன் என்னும் பெயர் வழங்கிவந்துள்ளது. நிறங்கருதியோ இடங்கருதியோ இப்பெயர் இடப்பட்டிருப்பினும், கோப்பியை அறிந்த தலைமுறையொன்றே அதனை இட்டிருத்தல் கூடும். 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி வீழ்ந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பெயர் மட்டும் நின்றது. ஓணானுக்கு ஆட்சியாளரின் பெயரும் பாம்புக்கு உழைத்த பயிரின் பெயரும் வாய்த்தமை, ஒரே மலையில் இருவேறு வர்க்கங்கள் இயற்கையை அறிந்த முறைக்குச் சான்றாகும்.

கிராமத்துச் சிங்கள விவசாயிகளிடமும் இத்தகைய அறிவு இருந்தது. விடகடி வைத்தியம் தலைமுறையாகக் கையளிக்கப்பட்டது. பாம்பின் வகைக்கேற்பச் சிகிச்சை வேறுபட்டமையால், வைத்தியர் பாம்புகளைப் பிரித்தறிய வேண்டியவராயினர். தமிழரிடையிலும் நாக வழிபாடு, பல்லி சொல்லுக்குப் பலன் காணல், தவளையொலி கொண்டு மழை கணித்தல் முதலிய வழக்கங்கள் நிலவின. இவற்றுள் மூடநம்பிக்கை கலந்திருப்பதை முற்போக்குச் சிந்தனையாளர் ஒதுக்குவர், ஒதுக்குதலும் முறையே. ஆனால் அவற்றினுள்ளே பொதிந்துள்ள நீண்டகால அவதானிப்பையும் சேர்த்து ஒதுக்குதல் விஞ்ஞான மனப்பாங்காகாது.

உள்நாட்டு ஆய்வு மரபின் தோற்றம்

இலங்கையின் விலங்கியலை ஐரோப்பியரே முழுதும் வளர்த்தனர் எனல் தவறு. இலங்கையிற் பிறந்த பறங்கியரான வைத்தியர் ஈ. எப். கெலாட், 1852இல் இந்நாட்டு விலங்குகள் பற்றிய முன்னோடி நூலொன்றை வெளியிட்டார். பேராதனைத் தாவரவியற் பூங்காவைப் பல்லாண்டு நிர்வகித்த துவெயிற்சின் பெயரை, நான்கு விரல்களைக் கொண்ட குறுங்காலுடைய அரணையொன்று தாங்கியுள்ளது. 1872இல் குந்தர் விவரித்த அவ்வரணையும் நக்கிள்ஸ் பகுதிக்குரியதே. நுவரெலியாவிற் பிறந்த இராணுவ வைத்தியர் பிராங்க் வோல் 1921இல் இலங்கைப் பாம்புகள் பற்றி எழுதிய பெருநூல் நீண்டகாலம் மூலாதாரமாக விளங்கியது.

திருப்புமுனை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே ஏற்பட்டது. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல, ஊர்வன பற்றிய விரிவான நூல்களை வெளியிட்டார். விலங்கியலறிஞர் பராக்கிரம கீர்த்திசிங்க 1957இல் இலங்கையின் ஈரூடகவாழிகள் பற்றிய நூலை எழுதினார். அவர் 1946இல் விவரித்த நனோபிறிஸ் மாமொறேற்றா என்னும் பாறைத்தவளை நக்கிள்ஸ் மலைகளுக்கே உரியது. இரத்தோட்டையிலிருந்து றிவஸ்ரன் கடந்து இலுக்கும்புரைக்குச் செல்லும் வழியிலுள்ள பிற்றவலப் பத்தனையில் அதனைக் காணலாம். விடுதலையை அண்டிய ஆண்டுகளிலே உள்நாட்டு அறிஞர் ஒருவர் உள்நாட்டுத் தவளைக்குப் பெயரிட்டமை, அறிவுத்துறையிலும் ஒருவகைச் சுதந்திரத்தின் அறிகுறி எனலாம்.

அதன்பின் தோன்றிய தலைமுறையின் பணி வியக்கத்தக்கது. 2006இல் கொபோற்றிஸ் தும்பர என்னும் சிற்றோணான் விவரிக்கப்பட்டது. மலையின் சிங்களப் பெயரே அதன் பெயராயிற்று. 2014இல் கலோற்றிஸ் பெதியாகொடை என்னும் ஓணான், இலங்கை ஆய்வாளர் ஒருவரின் பெயரால் அறியப்பட்டது. 2018இல் நக்கிள்ஸின் உயர்ந்த நீரோடைகளில் வாழும் தவளையொன்று லங்கனெக்ரிஸ் பேரா எனப் பெயர்பெற்றது; பேரா என்பது பேராதனைப் பல்கலைக்கழகத்தைக் குறிப்பது. 1861இன் பெயருக்கும் 2018இன் பெயருக்கும் இடையிலுள்ள தூரம், குடியேற்றவாத அறிவு தேசிய அறிவாக மாறிய வரலாற்றின் தூரமாகும். ஆயின் தேசிய அறிவு மக்கள் அறிவாக மாறியதா என்பது வேறு வினா.

ஈரமும் நிழலும்

இவ்வுயிர்களைப் பேணுதல் ஏன் கடினம் என்பதை அவற்றின் வாழ்க்கைமுறையே விளக்கும். தவளை குளத்தில் முட்டையிடும், வாற்பேய் நீந்தி வளரும் என்றே பாடநூல்களிற் படிக்கின்றோம். பாறைத்தவளையின் வாற்பேய்கள் அவ்வாறு குளத்தில் நீந்துவன அல்ல. மெல்லிய நீர்ப்படலம் வழிந்தோடும் பாறை முகத்திலே ஒட்டிக்கொண்டு ஊர்வன. மேலேயுள்ள காடு அழிந்து பாறையின் கசிவு வற்றினால், குளங்கள் நிறைந்திருப்பினும் அவற்றுக்குப் பயனில்லை. சூடோபிலோற்றஸ் பேரினத்துச் சிறு மரத்தவளைகளுக்கோ வாற்பேய்ப் பருவமே கிடையாது. ஈரமண்ணிலோ இலையிலோ இடப்பட்ட முட்டையினுள்ளேயே குஞ்சு முழுத்தவளையாக உருப்பெற்று வெளிவரும். சருகு அவற்றுக்குக் குளம் போன்றது. சருகைக் கூட்டி எரிப்பவன் அறியாமலே ஒரு தலைமுறையை எரிக்கின்றான்.

2002இல் வெளியான ஆய்வொன்று இலங்கையின் மரத்தவளை வளத்தை உலகுக்கு எடுத்துக்காட்டியது. தொடர்ந்த ஆய்வுகள், நூதனசாலை மாதிரிகளாக மட்டும் எஞ்சிய ஏறத்தாழ இருபது இனங்கள் களத்திற் காணப்படவில்லை என்பதையும் வெளிப்படுத்தின. அவற்றுட் சில பின்னர் மீளக் கண்டுபிடிக்கப்பட்டன. பெருந்தோட்டங்களுக்காகக் காடு வீழ்ந்தபோது, பெயர் பெறுமுன்னரே மறைந்த இனங்களும் இருந்திருத்தல் கூடும்.

இதழ்க்கொம்போணானின் நிலை சற்று வேறானது. பெண் ஓணான் நிலத்தில் குழிபறித்துச் சில முட்டைகளையே இடும். நிழலும் ஈரலிப்பும் இருப்பின், ஏலத்தோட்டங்களிலும் அது வாழும். ஏலம் பெருமரங்களின் நிழலிலே வளர்வது. ஆனால் அதற்காகக் கீழ்நிலைத் தாவரங்கள் வெட்டப்படுவதனால் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இயலாது. விறகுக்கு மரங்கள் விழுகின்றன. இன்று ஓணானுக்கு இடமளிக்கும் ஏலத்தோட்டம், முதிய மரங்கள் சாய்ந்த பின்னர் இடமளிக்காது. மனிதப் பயன்பாடு அனைத்தும் அழிவே என்பதும், எப்பயன்பாடும் தீங்கற்றது என்பதும் ஒருங்கே தவறு என்பதற்கு இது நல்லதோர் உதாரணம்.

சட்டமும் மக்களும்

பாதுகாப்பின் வரலாறும் ஆட்சியின் வரலாற்றினின்று வேறன்று. கியூ பூங்காவின் ஜோசப் ஹூக்கரது ஆலோசனையை ஒட்டி 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுதல் தடுக்கப்பட்டது. நீரும் காலநிலையும் அதன் நோக்கங்களாயின. தவளையைக் காத்தல் நோக்கமன்று, எனினும் தவளையும் ஓணானும் அதனாற் பயன்பெற்றன. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் ஊர்வனவற்றையும் ஈரூடகவாழிகளையும் படிப்படியாகக் காப்பினுள் கொணர்ந்தன. 2000இல் நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது; 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இதற்கிடையில் புதியதோர் ஆபத்து தோன்றியது. இலங்கையிலிருந்து ஏற்றுமதி செய்தல் சட்டவிரோதமாயிருந்தும், இவ்வோணான்கள் வெளிநாடுகளின் செல்லப்பிராணிச் சந்தைகளிலே விற்பனைக்கு வந்தன. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய சமவாயத்தின் 18ஆவது மாநாடு கொழும்பில் நடைபெறவிருந்தது. 2019 ஏப்பிரல் குண்டுவெடிப்புகளின் பின் அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டு, ஓகஸ்டில் நடைபெற்றது. அங்கே இதழ்க்கொம்போணானும் தும்பரச் சிற்றோணானும் வர்த்தகம் முற்றாகத் தடுக்கப்படும் முதலாம் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சாராயப் போத்தலிலே சென்ற உயிர், நம் காலத்தில் பயணப்பெட்டியிலே ஒளித்துச் செல்லப்பட்டது. முறை மாறியது, செல்வந்த நாட்டுச் சேகரிப்பாளனின் ஆசைக்கு வறிய நாட்டு மலை ஈடுகொடுக்கும் உறவு மாறவில்லை.

சட்டம் மட்டும் மலையைக் காவாது. மலையடிவாரத்திலும் தோட்டத்திலும் வாழ்வோர்க்கு ஊர்வன என்பது முதற்கண் பாம்புக்கடியே. 2012, 2013ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட ஆய்வின்படி, இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 80,000 பாம்புக்கடிகள் நிகழ்கின்றன; அவற்றுள் ஏறத்தாழ 30,000 நஞ்சேற்றம் விளைப்பவை; நானூறுக்கு மேற்பட்டோர் இறக்கின்றனர். இந்தியாவிலிருந்து பெறப்பட்டுவந்த நஞ்செதிர்ச் சீரம் நாகம், கண்ணாடிப் புடையன் உள்ளிட்ட நால்வகைப் பாம்புகளின் நஞ்சுக்கென ஆக்கப்பட்டது. கோப்பி விரியனின் நஞ்சுக்கு அது பயன்தராது. இதன் கடி பெரும்பாலும் வீக்கத்தோடு நிற்பினும், சிலர்க்குச் சிறுநீரகத்தைத் தாக்கும். அரிதாக உயிரையும் பறிக்கும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் கையும், செருப்பின்றி லயனுக்குத் திரும்பும் தொழிலாளியின் காலுமே அதன் இலக்கு. பாம்பின் வகையைப் பிரித்தறிதல் இவர்களுக்கு ஏட்டறிவன்று, உயிர்ப்பிரச்சினை. நஞ்சற்ற பாம்பையும் கண்ட இடத்தில் அடித்துக் கொல்லும் வழக்கம் அச்சத்தின் விளைவு. காலணி, கைவிளக்கு, அருகில் வைத்தியசாலை ஆகியன இல்லாதவனிடம் அச்சத்தை விடு எனப் போதித்தல் எளிதன்று.

இங்கே மலையகத் தமிழரின் அரசியல் வரலாறும் நினைவுகூரத்தக்கது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். ஒரு நிலத்தை மூன்று தலைமுறையாக அறிந்தோரை அந்நிலத்தினின்று பெயர்க்கும்போது, அவர்தம் சூழலறிவும் சிதறுகின்றது. தனக்கு உரித்தில்லாத மலையைக் காக்கும்படி ஒருவரைக் கோருதல் நியாயமன்று. லயன் அறையின் நிலத்துக்கும் உரித்தற்ற தொழிலாளிக்கு, அறையின் பின்னாலுள்ள ஓடையின் தவளைமீது பொறுப்புணர்ச்சி எங்ஙனம் உண்டாகும்?

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகளை அடையலாம். மாத்தளை மலைகளின் ஊர்வனவும் ஈரூடகவாழிகளும் பற்றிய விஞ்ஞான அறிவு, காணி பறிக்கப்பட்ட காலத்திலே, பறித்தோரின் மொழியிலே தொடங்கியது. விடுதலையை ஒட்டி அது உள்நாட்டு அறிஞரின் கைக்கு வந்தது. காட்டை உடலுழைப்பால் அறிந்த கிராமத்தவரும் தோட்டத் தொழிலாளரும் இரு கட்டங்களிலும் புறத்தே நின்றனர். மூன்றாவது கட்டம் ஒன்று தேவை என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

அதற்கான பணிகள் பெரிதல்ல. இரத்தோட்டை, உக்குவளை, லக்கலப் பகுதிகளின் பாடசாலை மாணவர் தமிழிலும் சிங்களத்திலும் படித்துணரத்தக்க, படங்களுடன் கூடிய கையேடுகள் ஆக்கப்படல் வேண்டும். முதியோரிடம் எஞ்சியுள்ள உயிர்ப் பெயர்களும் அவதானிப்புகளும் பதிவுசெய்யப்படல் வேண்டும். கோப்பி விரியன் போன்ற பெயர்கள் இன்னும் எத்தனையோ எழுதப்படாதிருத்தல் கூடும். ஓடைக்கரையில் களைநாசினி தெளியாமை, நிழல்மரத்தையும் சருகையும் விட்டுவைத்தல் ஆகியன தோட்ட நிர்வாகங்களின் கடமையாக்கப்படல் வேண்டும். காலணியும் நஞ்செதிர்ச் சீரமும் தொழிலாளியின் உரிமைகளாக ஏற்கப்படல் வேண்டும். பல்கலைக்கழகங்களின் விலங்கியற்றுறையும் தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் ஒன்றிணைந்து செய்யத்தக்க ஆய்வு இது.

டெனன்ற்றின் பெயரை ஓணானிலிருந்து நீக்க விதிகள் இடந்தரா. நீக்குவதாற் பெரும்பயனும் இல்லை. அப்பெயர் இருக்கட்டும், அதனைப் படிக்கும் மாணவன் 1848ஐயும் சேர்த்துப் படிக்கட்டும். அம்மாணவன் கொழுந்துக் கூடை சுமந்த தாயின் மகனாக இருத்தல் வேண்டும் என்பதே நம் எதிர்பார்ப்பு.